அண்ணன் ருசி பார்க்காத ஊறுகாய்

எங்கள் அண்ணன் அவர்கள் போய் வருடம் ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள் அண்ணி. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். சீனி சுற்றி வந்த காகிதங்களை வைத்து எழுத்துக் கூட்டப் பழகியவள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டே எழுதுகிறேன் என்றால் அது பொய். அழுகை இன்னும் வரவில்லை. கை எழுதுகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அம்மா சீக்கிரமே கண் மூடிவிட்டார்கள். அப்பா விடியப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு மண்ணில் கீரை போட்டு, கடைந்து, எனக்கு ஊட்டி வளர்த்தது அண்ணன்தான். அப்போதே நல்ல கீரையை அடுத்த காம்பரா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பூச்சி அரித்ததைத்தான் எங்கள் சட்டியில் போடுவார்.

பிறகு கீழே இறங்கிவந்து, கட்டுகஸ்தோட்டையில் ஓர் அரிசிக் கடையில் நிறுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வரை அதே கடை, அதே தராசு. மகாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, கரையோரம் ஒரு வாடகை வீடு. அண்ணி வந்தார்கள். மகனும் மகளும் பிறந்தார்கள். நான் தாலியறுத்துத் திரும்பிவந்து வாசலில் நின்றபோது, "வா, பந்தல் போட ஒரு ஆள் வேணும்னுதான் இருந்தேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பந்தலை ஊருக்கே தெரியும். புடலங்காய் சுருளாமல் வளர நுனியில் கல் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். அண்ணனுக்குச் சின்னக் கல் போதாது. ஆற்றில் இறங்கித் தேடி எடுத்து வருவார். பாரம் தாங்காமல் பிஞ்சுகள் அறுந்து விழும். அறுந்தது எல்லாம் எங்களுக்குக் கூட்டு. மிஞ்சியவை கோல் போல வளரும். அவற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவார், தெரிந்தவர் வீடுகளுக்கு.

வடகம் பிழிந்து தகரத்தின் மேல் காயப் போடுவார். கண்டி மழை சொல்லிக்கொண்டா வருகிறது? கடையிலிருந்து ஓடி வருவதற்குள் வடகம் கூழாகியிருக்கும். அதைக் காய்ச்சிக் குடித்திருக்கிறோம். ஒருமுறை இஞ்சி பியர் போட்டு, தக்கையைக் கயிற்றால் இறுகக் கட்டிக் கரை மணலில் புதைத்து வைத்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் காதர் நானா வாசலுக்கு வந்து கேட்டார்:

"தம்பி, ஒங்கட ஊட்டுல என்ன வெடி? பெருநாளு எங்களுக்குத்தானே?"

"வெடிக்காம ரெண்டு கெடக்கு நானா. ஒங்களுக்குத்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார்கள்: "ஆத்துக்குக் கொஞ்சம், மழைக்குக் கொஞ்சம், அக்கம்பக்கத்துக்கு மிச்சம். நமக்கு என்னங்க?"

"நல்லத நாமளே தின்னுட்டா, நான் செஞ்சேன்னு நாலு பேருக்கு எப்படித் தெரியும்?"

தேசிக்காய் ஊறுகாய் இரண்டு சாடி போட்டார். ஒன்றைப் பக்குவம் வருமுன் தினமும் திறந்து பார்த்துக் கசக்கவைத்துவிட்டார். மற்றது, அவர் மறந்துபோனதால், அருமையாக வந்தது. அதை அப்படியே போத்தல்களில் ஊற்றி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து அனுப்பினார். விரலைக்கூட நக்கிப் பார்க்கவில்லை. "வாசம் போதும்" என்றார். கசந்த சாடி எங்களுக்கு. அவரும் எங்களோடு உட்கார்ந்து அதையேதான் தொட்டுக்கொண்டார்.

போன வருட மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசியாக என்னிடம் பேசியது இது: "பந்தல்ல கல்ல அவுத்து விடு. மழ வலுக்குது, காய் தாங்காது." அவிழ்த்துவிட்டு வந்தேன். அதைச் சொல்ல அவர் இல்லை. ஈரக் கையோடு நின்றேன். கையைத் துடைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்தினம் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "அவரு கையால செஞ்சது ஒண்ணாவது இலையில இருக்கணும்."

வீட்டில் இருந்தது கசந்த சாடி மட்டும். அண்ணி அதன் மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினார்கள். "காலம் பூரா இதத்தான் தொட்டுக்கிட்டாரு. நாளைக்குமா?"

கொடுத்ததைப் போய்த் திருப்பிக் கேட்பது எப்படி? ஆனால் எண்ணெய் வாங்க நானா கடைக்குப் போன இடத்தில் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மறுநாள் காலை காதர் நானா ஒரு போத்தலோடு வந்து வாசலில் நின்றார். "பாதிய நாங்க முடிச்சிட்டம், தங்கச்சி. மிச்சம் இதுல ஈக்கி."

மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அப்பா போட்டது இல்லம்மா. அப்பா போட்டதுல இந்த வாசம் வராது" என்றாள்.

"அப்பா போட்டதுதான். நமக்குத்தான் தெரியாது" என்றார்கள் அண்ணி. "ஒரு தரமாவது அவரு சாப்புடட்டும்" என்று சொல்லி, இலையின் ஓரத்தில் தாராளமாகவே வைத்தார்கள்.

காக்கைக்கு வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். காக்கை வந்தது. சோற்றை எடுத்தது, வடையை எடுத்தது, பாயசத்தில்கூட அலகை வைத்தது. ஊறுகாயைத் தொடவில்லை. அண்ணி முகம் வாடிவிட்டது. "அதத் தொடலியே" என்று உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நானா சொன்னார்: "எப்புடித் தொடுவாரு? நல்லத மத்தவங்களுக்கு வச்சிருவாரே."

பிறகு அண்ணி போத்தலில் மிஞ்சியதைக் கொண்டுவந்து எங்கள் இலைகளில் வைத்தார்கள். எனக்குப் புளிப்பும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. அண்ணி மெதுவாக மென்று, "நல்லாத்தான் போட்டிருக்காரு" என்றார்கள். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

காய்ச்சலில் வந்து பார்த்த டொக்டர் ஐயாவுக்கும், மழையில் தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், கடை முதலாளிக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அயல்வீட்டுப் பெண்களுக்கும், காதர் நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அண்ணனுடைய போத்தல்கள் யாரிடமாவது இருந்தால் இருக்கட்டும்.

இந்த வருடம் பந்தல் போட்டது அவருடைய மகன். கல் கட்டியதும் அவன்தான், சின்னக் கல்லாகப் பார்த்து. மலரை வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் சாய்த்து வைத்திருக்கும் புடலங்காயில் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். எல்லாம் நேரானவை. வளைந்தவற்றை உள்ளே எங்களுக்கு எடுத்து வைத்துவிட்டோம்.