அண்ணன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காத டாக்டர்

காலையில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். டாக்டர் இறந்துவிட்டார்.

பெயரை நான் இங்கே போடவில்லை. சோமனூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர் க்ளினிக்கில் நான் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தேன்.

கைராசிக்காரர், தெய்வம் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். என்னிடம் இருப்பது வேறு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். என் அண்ணன் முருகேசனுக்குக் காய்ச்சல். தறி ஓட்டுகிறவன், முப்பத்தி நாலு வயது. சாயங்காலமானால் உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர், அப்புறம் சட்டை நனைய வியர்வை.

வலது விலாவுக்குக் கீழே வலி. இருமும்போது அந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொள்வான். வலது தோளும் வலிக்கிறது என்றான்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "தறி ஓட்டறவனுக்குத் தோள் வலிக்காம என்ன பண்ணும்? வயித்துல கேஸ்தான்." டைபாய்டுக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார்.

பத்து நாள். காய்ச்சல் விடவில்லை. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை...

ட்ரெயினிங்கில் இப்படி ஒருவரைப் பார்த்திருந்தேன். தயங்கித்தான் கேட்டேன். "சார், ஈரல்ல சீழ் கட்டியிருக்குமோங்க? ஒரு ஸ்கேன் பாத்துரலாங்களா?"

"கண்ணு மஞ்சளா இருக்குதா? இல்லையில்ல? அப்புறம் என்ன ஈரல்?"

பிறகு, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாக: "ஏனுங்க நர்ஸம்மா, என்ர சீட்டுல நீங்களே உக்காந்துக்கறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், விலாவைப் பிடித்துக்கொண்டு.

நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் நாலு நாள் போயிற்று. அது என் தப்பு. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் நானே அவனை பஸ் ஏற்றிக் கோயம்புத்தூர் கூட்டிப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர். "ரெண்டு மூணு மாசம் முன்னாடி சீதபேதி போச்சுங்களா?"

"போச்சுங்க," என்றான் அண்ணன். எங்கள் டாக்டர் கேட்காத கேள்வி. அந்தக் கிருமிதான் ஈரலுக்கு ஏறிச் சீழ் கட்டுமாம்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒற்றை விரலை வைத்து லேசாக அழுத்தினார். அண்ணன் அலறிவிட்டான்.

ஸ்கேனில் தெரிந்தது. ஈரலின் வலது பக்கம், தேங்காய் அளவுக்குச் சீழ்க்கட்டி. உடைந்து வயிற்றுக்குள் பரவ ஆரம்பித்திருந்தது.

"நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா மருந்துலயும் ஊசியிலயுமே சரி பண்ணியிருக்கலாங்கக்கா," என்றார்.

ஆபரேஷன் செய்தார்கள். காபி நிறத்தில் சீழ். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

காரியம் முடிந்து க்ளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு பேஷண்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துப்போட்டான்."

அண்ணன் குடித்ததே இல்லை. முதல் நாளே அதைக் கேட்டு, "பழக்கம் இல்லை" என்று சீட்டில் எழுதியவரே அவர்தான்.

அன்றைக்கே வேலையை விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "சௌக்கியமா அம்மணி? அண்ணன் எப்படி இருக்காப்டி?"

இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் வீதி வழியாகத்தான் எடுத்துப் போகிறார்களாம். வாசலுக்கு வரமாட்டேன்.

போயிட்டு வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டாக்டர்.

போங்க.