நாலு வளையம், நாலு இடம்

என் கண் மங்கிவிட்டது என்று மேனேஜர் முடிவு கட்டிய வாரம் அது.

கும்மிடிப்பூண்டியில் பேரிங் வளையம் செய்யும் கம்பெனி. நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எண் வரும், டயல் முள்ளைப் பார்க்க அது போதும். ஒரு தட்டில் நாலு வளையம். ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் அளந்து, வளையத்துக்கு ஒரு வரியாகச் சீட்டில் எழுதுவேன். ஒரே வளையத்தில் பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் டயலில் ஐந்து கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது ஓவல். ரிஜெக்ட்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பழவேற்காட்டு ஜாபர் சார் புரோகிராம் எழுதினார். மொத்தப் பட்டியலையும் ஒரே வரியில் கணக்குப் போடுகிற மொழியாம். என் சீட்டை டைப் செய்தால் ரிஜெக்ட் எது என்று அதுவே பொறுக்கிக் கொடுக்கும். நான் ஒதுக்கியது ஒன்று, அது பொறுக்கியது வேறு. சனிக்கிழமை வரை பார்த்துவிட்டு என்னைப் பேக்கிங்குக்கு மாற்றப்போவதாக மேனேஜர் சொன்னார். பேக்கிங் கேவலமில்லை. கண் போச்சு என்ற பேரோடு அங்கே போக எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தட்டையும் அதன் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஜாபர் சாரிடம் போனேன். இரண்டாவது வளையம் மூன்றாவது இடத்தில் பிதுங்கியிருந்தது. பத்து, பத்து, பதினெட்டு, பத்து. மற்ற மூன்றிலும் எல்லா இடமும் பத்துதான். கம்ப்யூட்டர் இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதை ரிஜெக்ட் செய்திருந்தது.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது கன்னியம்மா."

"பண்ணாது சார். எத்த எதோட கழிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசாம பேக்கிங்குக்குப் போய்க்கினே இருக்கேன்."

சிரித்தபடி திரையைப் பார்த்தார். நாலு விடை இருந்தது: பூஜ்யம், பூஜ்யம், எட்டு, பூஜ்யம். சீட்டில் என் விரல் குறுக்கே போனது, அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது.

"பேஜாரா பூட்ச்சும்மா. ரேங்க் போடாம உட்டுட்டேன்."

உட்காரவைத்து விளக்கினார். அந்த மொழியில் வேலை செய்கிற சொல்லுக்கு வெர்ப் என்று பேர். அது ஒரு தடவைக்கு எவ்வளவைக் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் ரேங்க். ரேங்க் ஒன்று என்றால் ஒவ்வொரு வரியாக எடுக்கும், அதாவது ஒவ்வொரு வளையமாக. சொல்லாமல் விட்டால் மொத்தப் பட்டியலையும் எடுத்து வரியோடு வரியை ஒப்பிடும். அப்போது வரும் விடை இடத்துக்கு ஒன்று, வளையத்துக்கு அல்ல. அதை வைத்து இவர் வளையத்தைப் பொறுக்கியிருக்கிறார். ஐந்து வளையம் இருந்திருந்தால் விடை எண்ணிக்கை ஒத்துவராமல் புரோகிராம் நின்றிருக்கும். நாலுக்கு நாலு என்பதால் சத்தமில்லாமல் ஓடிவிட்டது.

ரேங்க் ஒன்று போட்டு அந்த வாரச் சீட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார். ஒரு வளையம் தவிர எல்லாம் ஒத்துப்போனது. அந்த ஒன்று என் தப்பு, கழித்ததில் பிசகிவிட்டேன்.

இரண்டு பேரும் மேனேஜரிடம் போனோம். ஜாபர் சார் தன் தப்பைச் சொன்னார், என் தப்பை நான் சொன்னேன். மேனேஜர், "சரி, போய் டேபிள்ல உக்காரும்மா" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் கொடுக்கிற விடையோடு சண்டை போடாதீர்கள். எதைக் கையில் எடுத்துப் பார்த்து அந்த விடையைச் சொன்னது என்று கேளுங்கள். கேட்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.