சூடு ஆறாத முயல்

சவூதியின் தம்மாமில் என் கஃபீலின், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபு முதலாளியின், வண்டியை ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் அவர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போவார். வேலி இல்லாத பொது நிலம். ராஜாளியைப் பறக்கவிட்டு முயல் பிடிப்பார். போன முறை அவருடைய அப்பாவும் வந்திருந்தார். நோயில் கிடந்து எழுந்தவர். முயல் கறி சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

இரண்டு நாள் ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ராஜாளி துரத்திய முயல் எங்கள் கூடாரத்துப் பக்கம் ஓடிவந்து அங்கேயே பிடிபட்டது. அப்பாவை ஏற்றிக்கொண்டு கஃபீல் தானே ஓட்டிப்போன வண்டியோ தூரத்தில் மணலில் புதைந்து நின்றது. தான் வந்து அறுக்கும்வரை முயலுக்கு உயிர் இருக்க வேண்டும் என்று போனில் சொன்னார்.

கூடாரத்தில் நானும் சமையல்காரரும்தான். இருவரும் இந்துக்கள். நாங்கள் அறுத்தால் அவர்கள் சாப்பிடமாட்டார்கள். தானாகச் செத்தாலும் சாப்பிடமாட்டார்கள்.

புறாக்கறித் துண்டைக் காட்டி ராஜாளியை விலக்கினேன். முயலை மடியில் வைத்து, தலைத்துண்டால் வெயிலை மறைத்தேன். விலாவில் ரத்தம் கசிந்தது. அறுபடப் போகிற உயிரை எதற்கு இப்படிக் காக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் செத்துவிடக் கூடாது என்றுதான் மனம் கிடந்து தவித்தது.

"ஊர்லன்னா இந்நேரம் கொழம்பு கொதிச்சிருக்கும்ணே" என்றார் சமையல்காரர், மசாலா அரைத்தபடி.

கஃபீலின் வண்டி மணல்மேட்டில் தெரிந்தபோது முயல் ஒருமுறை உதைத்தது. பிறகு என் உள்ளங்கையில் துடிப்பு இல்லை.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "சூடு ஆறலல்ல? பேசாம நீட்டுங்க. யாருக்குத் தெரியப்போவுது? நீங்க என்ன வாயத் தொறந்து பேசுற ஆளா?"

உண்மைதான். பத்து வருடத்தில் கஃபீலிடம் நானாகப் பேசியது குறைவு. பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

கஃபீல் கத்தியோடு ஓடிவந்தார். பின்னால் பெரியவர், கைத்தடியை ஊன்றிச் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முயலை மடியிலிருந்து இறக்கி மணலில் வைத்தேன்.

"கலாஸ், பாபா. மாத்" என்றேன். செத்துவிட்டது என்று அவர்கள் மொழியில் சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கஃபீல் கத்தியை மடக்கினார். பெரியவர் முயலைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாகத்தான் இருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முயலை ராஜாளிக்குப் போடச் சொன்னார்.

மதியம் சோறும் பருப்பும்தான்.

"பத்து வருசத்துல ஒரு நாள் வாயத் தொறந்தீங்க" என்றார் சமையல்காரர். "அதுவும் என் மசாலாவப் பாழாக்கத்தானா?"

பெரியவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டுத் தட்டை நீட்டினார்.