சாமிக்குப் பழம் ஒளித்தவர்

நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் ஜம்புலிங்கம் கங்காணிக்கு இரண்டு வேலை. தினமும் காலை பத்து மணிக்குப் பால் கொட்டகையில் உட்கார்ந்து, பெண்கள் மரப்பட்டையை வெட்டி வடித்துக் கொண்டுவரும் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரைத் திருவிழாவில், ஆடுகிறவர்மேல் இறங்கியிருப்பது மாரியம்மன்தானா என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வேலைக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. இரண்டாவதற்கு ஒரு தேங்காய் மூடி. இரண்டையும் அவர் ஒரே மனசோடுதான் செய்தார். எதிரில் நிற்பவர் பொய் சொல்கிறார் என்பதுதான் அந்த மனசு.

இந்தக் குணம் அவர் கூடப் பிறந்ததல்ல. பதினேழு வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்பியபோது, இந்தியாவில் நிலம் காத்திருக்கிறது என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றினார்கள். கடைசியில் கையில் வந்தது கடலுக்கு நடுவில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றும், பால் வெட்டுகிற ஒரு கத்தியும். அன்றிலிருந்து, தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆளாகிவிட்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். பூசாரி விபூதி கொடுத்தால் மோந்து பார்ப்பார்.

சாமியைச் சோதிக்கிற வழக்கமும் மலைத்தோட்டத்திலிருந்து கூட வந்ததுதான். கோயில் எல்லைக்குள் யாராவது ஒருவர் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைப்பார். உடுக்கை அடித்துச் சாமி இறங்கியதும், ஆடுகிறவர் அந்தப் பழத்தை எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்தால் அவர் வாயில் வருவது அம்மன் வாக்கு, மறுபேச்சில்லை. எடுக்காவிட்டால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி உட்கார வைத்துவிடுவார்கள். ஒளித்த இடத்தைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத ஒரே ஆள் என்பதால், அந்த வேலை பதினைந்து வருஷமாக ஜம்புலிங்கத்திடமே இருந்தது. அவர் காலத்தில் ஒன்பது பேர் மஞ்சள் தண்ணீரில் நனைந்தார்கள். யார் நனையும்போதும் அவர் முகத்தில் வருத்தம் தெரிந்ததில்லை.

சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை. அவருடைய ஒரே மகன் முருகானந்தம், இருபத்திரண்டு வயசு, மீன் வாங்கக் கப்பல் துறைக்கு, ஜெட்டிப் பக்கம் போனவன். தோட்டம் மேட்டில் இருந்ததால் அங்கிருந்தவர்கள் தப்பித்தார்கள். அவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்யலாமா என்று ஊரார் கேட்டபோது ஜம்புலிங்கம், “பார்த்துக்கலாம்” என்றார். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார். மகனுடைய வெட்டுக் கத்தியை மட்டும் மாசம் தவறாமல் தீட்டி எண்ணெய் தடவி வைத்தார். கடல் காற்றுக்குத் துரு ஏறிவிடும் என்று காரணமும் சொன்னார்.

மூன்று வருஷம் கழித்து, சித்திரைத் திருவிழாவில், புஷ்பாவுக்குச் சாமி வந்தது. அவளும் பால் வெட்டுகிறவள். கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவள். வாய் செத்த பெண் என்று பெயர் எடுத்தவள். அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கோயிலை இரண்டு சுற்று சுற்றினாள். ஜம்புலிங்கம் நின்ற பக்கம் ஒரு தடவை வெறித்துப் பார்த்தாள். நேராகப் போய் விறகுக் குவியலுக்குள் கையை விட்டுப் பழத்தை எடுத்தாள்.

பழத்தோடு வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள். பக்கத்தில் அவர் மனைவி பொன்னம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

“ஒம் புள்ள...” என்றாள் புஷ்பா. மூச்சு வாங்கியது. “ஒம் புள்ள செத்துப்...” உடுக்கை நின்றது. அவள் கண் அவரை விட்டு நகரவில்லை. “...போக... போகலடா. தண்ணி கொண்டு போச்சு, தண்ணி கொண்டாந்து விடும். அவன் வர்ற வாசலப் பூட்டாத!”

அன்று முதல் அவர்கள் வீட்டு வாசல் பூட்டப்படவில்லை. சுனாமிக்குப் பின் ஒதுங்கியிருந்த தகரக் கொட்டகையிலிருந்து அரசாங்கம் கட்டிக் கொடுத்த புது வீட்டுக்கு மாறியபோது புதுக் கதவோடு புதுப் பூட்டும் கொடுத்தார்கள். அது ஆணியில் தொங்கியது. பொன்னம்மா வேலைக்குப் போவாள், கடைக்குப் போவாள். ஒரு ராத்திரிகூட வெளியில் தங்க மாட்டாள்.

ஜம்புலிங்கம் நம்பவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னார். யாரோ பழம் இருந்த இடத்தை எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் பழத்தைக் கூரை ஓலைக்குள் செருகினார். அதையும் எடுத்தாள். அதற்கடுத்த வருஷம் வாழை மரத்தின் கீழ் புதைத்தார். அதையும் தோண்டி எடுத்தாள். அவருக்குத் தூக்கம் போயிற்று.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பொன்னம்மாவின் இடது கண் மங்கி மங்கி ஒரேயடியாகப் போய்விட்டது. இரண்டாயிரத்துப் பதினொன்றில், பங்குனி மாசம், மருத்துவ முகாமுக்கு வந்த கண் டாக்டர் வலது கண்ணிலும் பிரஷர் ஏறுகிறது என்றார். போர்ட் பிளேரில் ஆபரேஷன் செய்ய வேண்டும், இரண்டு மாசத்துக்குமேல் தள்ளக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்.

“நா எப்பிடிங்க வர்றது? வாசல யாரு பார்க்குறது?” என்றாள் பொன்னம்மா.

“அடியே, அவன் வந்தாலும் அவனப் பார்க்குறதுக்கு ஒனக்குக் கண்ணு வேணாமா?”

“கையால தடவிப் பார்த்துக்குவேன்.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. புஷ்பாவின் சாமியைப் பொய்யென்று ஊர் முன்னால் காட்டினால் ஒழிய இவள் கப்பல் ஏற மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாள் பால் கொட்டகையில், புஷ்பா வாளியை இறக்கி வைத்தபோது அவர் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, ஒம்மேல வர்றது சாமிதான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

புஷ்பா பாலில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். “பாலு ஒறையுதுன்னு நமக்கு எப்பிடிங்க தெரியும், கங்காணியாரே? கைய வச்சாத் தெரியுது. அப்பிடித்தாங்க. பிடரி சிலுக்கும். அப்புறம் நா இல்ல.”

“கையி பொய் சொல்லும். அதுக்குத்தான் எங்கிட்ட மீட்டர் இருக்கு” என்று சொல்லி, பாலின் கெட்டியை அளக்கிற கண்ணாடி மீட்டரை எடுத்துத் துடைத்தார்.

பின்னால் நின்ற ராசம்மாவுக்கு வாய் சும்மா இராது. “அரே, மீட்டரு எதுக்குங்க? அது மிதக்குறத நாங்க பார்க்குறதே இல்ல. தண்ணின்னு தெரிஞ்சாக் கங்காணியாரு கையி தானா காது மடல இழுக்கும். காதப் பார்த்தே நாங்க ரிசல்ட் சொல்லிருவோமே!”

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த நேரத்தில் அவர் கை காது மடலில்தான் இருந்தது. புஷ்பா மட்டும் சிரிக்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜம்புலிங்கம் கையை மெல்ல இறக்கினார். பதினெட்டு வருஷமாகத் தினமும் இந்த வரிசையில் நின்று தன் முகத்தைப் பார்த்தவள் புஷ்பா. ஊரை எல்லாம் சந்தேகப்பட்டாரே தவிர, தன் காதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. களவு போன வீட்டுக்காரனே திருடனுக்கு விளக்குப் பிடித்திருக்கிறான்.

அந்தச் சித்திரையில், பழம் எங்கே என்று தனக்கே தெரியாதபடி ஒளித்தார். பால் வடிய மரத்தில் கட்டும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஒன்பதை எடுத்தார். ஒன்றில் பழம், எட்டில் அதே எடைக்குக் கல். எல்லாவற்றையும் வாழையிலையால் மூடிக் கட்டி, சாக்கில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கோயிலைச் சுற்றியிருந்த ஒன்பது ரப்பர் மரங்களில் கட்டினார். வந்து தன் இடத்தில் நின்றார். பக்கத்தில் பொன்னம்மா.

உடுக்கை அடித்தார்கள். புஷ்பா எழுந்தாள், ஆடினாள், சுற்றினாள். வழக்கம்போல் அவரை வெறித்துப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். அவள் முதல் மரத்திடம் போய்த் திரும்பி அவரைப் பார்த்தாள். அடுத்த மரம். மறுபடி அவரைப் பார்த்தாள். கைகளைக் கட்டியிருக்கவே வேண்டாம், அவர் முகத்தில் எடுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஏழாவது மரத்தடியில் அவள் ஆட்டம் தளர்ந்தது. ஒரு சிரட்டையைப் பிய்த்துத் திறந்தாள். உள்ளே கல் இருந்தது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வழி தவறிய பிள்ளை மாதிரி விழித்தாள். பூசாரி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். நனைந்த தலையோடு தரையில் உட்கார்ந்தவள் நடித்தவள் மாதிரி இல்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, நனைந்தவளைப் பார்க்க முடியாமல் ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பழம் எந்த மரத்தில் என்று தேடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் ஜெயித்துவிட்டார். பொன்னம்மா பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் அழுவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, வீட்டுக்குப் போவம்” என்றாள்.

வழியில் அவரே ஆரம்பித்தார். “பார்த்தியா? எம் மூஞ்சியப் பார்த்துத்தான் இத்தன நாளா எடுத்திருக்கா.”

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

“மொத வருசமே தெரியும். நா ஒங்க பக்கத்துலதானங்க நின்னேன்? அவ வெறகுக்கிட்டப் போறப்ப நீங்க காத இழுத்தீங்க.”

“தெரிஞ்சுக்கிட்டா மூணு வருசம் வாசலப் பார்த்துக்கிட்டு ஒக்காந்திருந்த?”

பொன்னம்மா நின்றாள். நல்ல கண்ணை அவர் பக்கம் திருப்பினாள்.

“அவ ‘செத்துப்’னு சொல்லி நிறுத்துனாளே, ஞாபகம் இருக்கா? அப்ப ஒங்க கையி சும்மா தொங்குச்சு. அவ பார்த்துக்கிட்டே நின்னா. ‘போக’ன்னு இழுத்தா. ஒங்க கையி காதுக்குப் போச்சு. அதப் பார்த்துத்தான் ‘போகல’ன்னு முடிச்சா.”

ஜம்புலிங்கம் தன் கையைப் பார்த்தார்.

“நா சாமிய நம்பலிங்க. ஒங்களத்தான் நம்புனேன். எதையும் நம்பாத மனுசன். அவரே எம் புள்ள இருக்கான்னு நெனைக்கிறாருன்னா ஏதோ இருக்கும்னு நெனச்சேன். மாசாமாசம் கத்தியத் தீட்டுறீங்களே, துருவுக்குத்தானா அது?” அவள் மறுபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இன்னிக்கு ஒங்க மூஞ்சியில ஒண்ணுமே இல்ல, நீங்களே எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டீங்க. சரி. கப்பல் என்னிக்குங்க?”

அவருக்கு ஆறு வருஷத்துக் கண்ணீர் ஒரே நேரத்தில் வந்தது. நடுரோட்டில் நின்று அழுதார். அவளும் அழுதாள். எதிரில் வந்த நிக்கோபாரிக் கிழவர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, அவர்களைத் தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை கப்பல் என்று சொன்னார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. பொன்னம்மா டாக்டர் எழுதிய காகிதத்தை ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வாசலில் இறங்கி நின்றாள்.

“பூட்டிட்டு வாங்க.”

ஜம்புலிங்கம் ஆணியிலிருந்து பூட்டை எடுத்தார். இதுவரை பூட்டாத பூட்டு, சாவி இறுகியிருந்தது. கொண்டியில் மாட்டினார். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை நின்றது.

“பூட்டிட்டா அவன் எப்பிடி உள்ளாற...” என்று அவர் வாய் சொல்லிவிட்டது. உடுக்கை இல்லை, கற்பூரம் இல்லை, பிடரி மட்டும் சிலிர்த்தது. தன் குரல்தானா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பொன்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. “சாவிய வெளியில வச்சுட்டு வாங்க” என்று மட்டும் சொல்லி நடக்க ஆரம்பித்தாள்.

அவர் பூட்டை அழுத்தினார். வாசலோரத்தில் பழைய சிரட்டைகள் வரிசையாகக் கவிழ்த்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் கீழே சாவியை வைத்துவிட்டு, எட்டி நடந்து அவளைப் பிடித்தார். ஜெட்டிக்கு இறங்குகிற வளைவு வந்தது.

அங்கே அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள்.

“மொதச் செரட்டையா?” என்றாள். அவர் கை சும்மா தொங்கியது. “ரெண்டாவதா?” அப்போதும் கை அசையவில்லை.

“மூணாவது” என்றாள். அவர் கை காது மடலைப் பிடித்திருந்தது.