வடித்துக் கொட்டிய கீரைத் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து எங்கள் பூன் லே அடுக்குமாடி வீட்டில் கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பது. பொட்டாசியம் அவருக்கு ஆகாது, ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்று டயாலிசிஸ் நிலையத்தில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பருப்பு, முந்திரி, வாழைப்பழம் எதையும் அதன்பின் நான் வாங்கவில்லை. எனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லி அவர் சண்டையே போட்டார். அவர் எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதா? எனக்குத் தொண்டையில் இறங்காது. அவருக்கு என்னவோ அதுதான் எனக்கும் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

கப்பல் பட்டறையில் காலம் முழுக்க வேலை பார்த்த மனிதர், பச்சை நிறக் கீரைத் தண்ணீர் சிங்க்கில் இறங்கும்போது எட்டி எட்டிப் பார்ப்பார். "சத்தெல்லாம் பைப்புல போகுது, நமக்குச் சக்கைதான் லா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் போன பிறகு எனக்குக் கெண்டைக்கால் பிடிக்க ஆரம்பித்தது. வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தேக்கா சந்தையில், கையில் கீரைக்கட்டோடு, கால் சுருட்டி இழுத்து, மீன் கடை ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ வந்து தூக்கிவிட்டார்கள். அந்த வெட்கம் தாங்காமல்தான் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே மருத்துவர் ஒரு சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மெக்னீசியம் ரொம்பக் குறைந்திருக்கிறது, அதனால்தான் தசை பிடிக்கிறது, இப்படியே விட்டால் இதயத் துடிப்பையும் கெடுக்கும் என்றாள். மாத்திரை எழுதித் தந்தாள். கீரை, பருப்பு, கொட்டை வகையெல்லாம் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தாள். கீரை இல்லாத நாளே கிடையாது என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். எப்படிச் சமைப்பேன் என்று கேட்டாள். ஒன்று விடாமல் விவரித்தேன்.

"தண்ணிய ஏன் ஆன்ட்டி கொட்டுறீங்க? மெக்னீசியம் அதோடயே நிறைய போயிடுமே."

"வீட்டுக்காரருக்கு கிட்னி சரியில்லம்மா. அவருக்கு ஆகாது."

"ஓ. அங்கிள் இப்ப எப்படி இருக்காங்க?"

கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினேன். அவர் போய் ஒரு தீபாவளியும் வந்து போய்விட்டது. இறந்துபோன மனிதருக்கு நான் இன்னும் பத்தியச் சமையல் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கீரையை வேகவைத்தேன். கை பழகிய பழக்கம், சட்டி சிங்க் வரை போய்விட்டது. கொட்டினால் மறுபடி எங்கேயாவது விழுந்து கிடப்பேன். கொட்டாவிட்டால், இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும். கையில் சூடு பொறுக்காமல் சட்டியை அடுப்பிலேயே திரும்ப வைத்து, வரும் வழியில் வாங்கிய பருப்பையும் வேகவைத்துச் சேர்த்துக் கடைந்தேன்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அவ்வளவு ருசி. அவர் கேட்டுக் கேட்டு, நான் ஒரு கரண்டிகூடக் கொடுக்க முடியாத ருசி. அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தேன்.