போல்ட்டைக் கழற்றாதவள்

“வீட்டுல பக்கெட் இருக்கா?”

கதவைத் திறந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி அதுதான். நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தோளில் தொங்கிய பையில் கடையின் பெயர். வாஷிங் மெஷினைப் பொருத்தி ஓட்டிக் காட்ட வரும் டெமோக்காரி. மெஷின் காலையிலேயே வந்து, குளியலறைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“இருக்கு. எதுக்குக்கா?” என்றாள் வீட்டுக்காரி. மூன்று மாதத்துப் புதுக்குடித்தனம். இதற்காக அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

“குளிக்க இல்ல, பயப்படாதீங்க. குழாய்க்கு அடியில வச்சு முழுசாத் திறந்து விடுங்க.”

திறந்துவிட்டாள். டெமோக்காரி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“வீட்டுல எத்தனை பேரு?”

“நானும் அவரும்தான்.”

“ரெண்டு பேருக்கு எட்டு கிலோ மெஷினா? துணிக்கடை வைக்கப் போறீங்களா?”

“சின்னது ஸ்டாக் இல்லன்னாங்க.”

“இருக்காது. என்னைக்குமே இருக்காது. வீடு எத்தனாவது மாடின்னு கடைக்காரன் கேட்டானா?”

“கேக்கல.”

“தண்ணித் தொட்டி எங்க இருக்குன்னு?”

“இல்ல. சுவரு என்ன கலர்னு கேட்டார். சாம்பல் கலர் எடுப்பா இருக்கும்னார்.”

டெமோக்காரி சிரிக்கவில்லை. வாளி நிரம்ப ஒன்பது நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இது இங்க ஓடாது.”

“மெஷின் சரியில்லையா?”

“மெஷின் தங்கம். உங்க குழாயிலதான் சத்து இல்ல. தொட்டி உங்க தலைக்கு மேலேயே உக்காந்திருக்கு, தண்ணி விழுறதுக்கு உயரம் எங்க இருக்கு? கீழ் வீட்டுல கொட்டும், உங்க வீட்டுல ஒழுகும். இது கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கும், அப்புறம் தண்ணி வரலன்னு கத்திட்டு நின்னுடும். மோட்டார் வச்சா ஓடும். வாடகை வீடுதானே, ஓனர் விடுவாரா?”

“ஆணி அடிக்கவே விடல.”

“அப்பச் சரி. பின்னாடி நாலு போல்ட் இருக்கு பாருங்க. வண்டியில வரும்போது உள்ள டிரம் ஆடாம இருக்கப் போட்டது. அதைக் கழட்டிட்டா மெஷின் உங்களுது, யாரு வந்து கேட்டாலும் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. நான் கழட்டல.”

வீட்டுக்காரிக்கு முதலில் வந்தது வெட்கம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை கடைகடையாக ஏறி இறங்கியிருந்தார்கள். அவள் கணவனுக்குப் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. மயிரிழை பிசகினாலும் பொறுக்காதவன். குளியலறை வாசலை மூன்று முறை அளந்தான், மாடிப்படித் திருப்பத்தை அளந்தான், மெஷின் கதவு திறக்கும்போது சுவரில் இடிக்குமா என்று செய்தித்தாளை வெட்டி ஒட்டிப் பார்த்தான். தண்ணீரை மட்டும் இருவரும் நினைக்கவே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சமைக்கப் போவதும், சமைத்து முடித்து வந்து மூடுவதும் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அது மெதுவாக வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

கடைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நினைத்ததும் வெட்கம் போய்ச் சூடு ஏறியது. கடைப் படிக்கட்டுக்கு அடியில் அழுக்குத் துணி போர்த்தி வைத்திருந்த இரட்டைத் தொட்டி மெஷினைக் காட்டி அவள்தான் விலை கேட்டாள். நாமே வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சாதாரண மெஷின். இதில் பாதி விலை. “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம், நீங்க படிச்சவங்க, வேலைக்குப் போறவங்க” என்று அவன் வாயை அடைத்துவிட்டான். கூடவே ஒரு ஸ்டாண்டு, ஒரு உறை, உப்புக்கறை எடுக்கும் பவுடர் ஆறு பாக்கெட். ஆறையும் அவள் வாய் திறக்காமல் வாங்கி வந்தாள்.

டெமோக்காரியின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டு மெஷின்மேல் வைத்தாள்.

“இன்னும் முடியலையா? அடுத்த வீட்டுல காத்துட்டு இருக்காங்க.” கடை மேனேஜர்.

“இங்க தண்ணி வேகம் இல்ல சார்.”

“அது அவங்க பிரச்சனை. போல்ட்டைக் கழட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு வா.”

“கஸ்டமர் பக்கத்துலதான் நிக்கிறாங்க சார். கேட்டுட்டு இருக்காங்க.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

டெமோக்காரி கிளம்பும் முன் இருவரும் தேநீர் குடித்தார்கள். அவளுக்குக் கடையில் பெயர் வாளியக்கா. வண்டிக்காரர்கள் வைத்தது. அதற்கு முன் பதினோரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தாள். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை கெட்டிப்படும் என்று டாக்டர்களுக்கே சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாள். அந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பிறகுதான் இந்த டெமோ வேலை. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. போல்ட்டைக் கழற்றினால்தான் அது ஒரு வீடு.

“முதல் வருஷம் நானும் கண்ணை மூடிட்டுக் கழட்டினேன். ஒரு பொண்ணு, பச்சைப்புள்ளைக்காரி. இதே மாதிரி மேல் மாடி. மெஷின் கத்திட்டே இருந்துச்சு. கடைக்கு நடையா நடந்தா. ‘போல்ட் கழட்டியாச்சு, நீங்க யூஸ் பண்ணிட்டீங்க’ன்னு ஒரே பதில். ஆறு மாசம் கழிச்சு அந்தத் தெருவுக்குப் போனப்ப எட்டிப் பாத்தேன். மெஷின்மேல வெங்காயக் கூடை வச்சிருக்கா. கீழே உக்காந்து கையால துவைச்சுட்டு இருக்கா. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலை.”

“வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையாக்கா?”

“எங்க வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுறார். ‘ஊரே கழட்டுது, உனக்கு மட்டும் ஸ்பேனர் சுடுதா’ன்னு கேப்பார். சுடுதுதான்னு சொல்லுவேன்.”

மெஷின் திரும்பிப் போனது. அதற்குக் கணவனும் அவளும் மூன்று நாள் கடை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. மேனேஜர் அவளிடம் பேசவே இல்லை, கணவனிடம் மட்டும் பேசினார். அவள் விளக்கக் கையேட்டைக் கொண்டுபோயிருந்தாள். முப்பத்தோராம் பக்கத்தில், அடிக்குறிப்பில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் மொழியில் போட்டிருந்தது. அந்த வரியில் விரலை வைத்து மேசைமேல் நகர்த்தினாள். “இதையெல்லாம் யார் படிக்கிறாங்க” என்றார் அவர். அவள் கையேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு கடையில் இரட்டைத் தொட்டி மெஷின் வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் தண்ணீர் ஊற்ற, அது பாட்டுக்கு ஓடியது.

மூன்று வாரம் கழித்து வாளியக்கா வந்தாள். தோளில் கடைப் பை இல்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. கடையில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

கையேட்டில் இருந்த அதே தலைமை அலுவலக மொழி. வீட்டுக்காரி படித்தாள். வாடிக்கையாளர்களைக் குழப்பி, நிறுவனத்தின் பொருளைக் குறைகூறி, விற்பனையைக் கெடுத்ததால் டெமோ ஊழியர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொன்னாள்.

“குழப்பினேனா நான்?”

“இல்லக்கா.”

“பதினஞ்சுல எட்டு நாள் போயிடுச்சு. நம்ம பேச்சுல எழுதினா அங்க யாரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.”

“எழுதுறேன்க்கா. இத்தனை வருஷம் ஒழுங்கா வேலை பாத்திருக்கீங்க, குடும்பம் இருக்கு, கருணை காட்டணும்னு...”

“அது வேண்டாம்.”

வாளியக்கா தாளைத் திரும்ப வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்தாள்.

“ஆஸ்பத்திரியில நிறுத்தினப்ப ஒருத்தர் அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. ஏழை, எளியவ, கால்ல விழறேன்னு. ஒரு பதிலும் வரல. உங்களைக் கடையில பாத்தேன்மா. புத்தகத்தைக் காட்டினீங்க, வாயைத் திறக்கல. அதனாலதான் முதல்லயே கேக்குறேன். கெஞ்சி எழுதாதீங்க. நீங்க பாத்தது, போன்ல கேட்டது, அதை அப்படியே, கோபமா எழுதணும். அந்தப் பாஷையில கோபமா எழுத வருமா உங்களுக்கு?”