விராலுக்கு அர்த்தம் எழுதிய ஏட்டு

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வீரணனுக்குக் கடைசி வரிசைதான். ராஜபாளையத்தில் மில் வாசலில் தொழிற்சங்கம் கூடினாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டிமன்றம் நடந்தாலும், கோடு போட்ட சட்டையும் தோளில் ஒரு துண்டுமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். போலீசில் தனிப்பிரிவு ஏட்டு. சீருடை கிடையாது. ஆனால் அவரைத் தெரியாதவர்கள் அந்த இரண்டு ஊரிலும் குறைவு. "ஏட்டய்யா வந்தாச்சு, ஆரம்பிச்சிரலாம்" என்று மைக்கிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

யார் பேசினார், என்ன பேசினார், எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதுவது வேலையில்லை. பதினாறு ஆண்டு சர்வீசில் ஒரு வரிகூட அர்த்தம் எழுதியவரில்லை.

கவியரங்கங்களில் ஆரம்பத்தில் தூங்கினார். பிறகு தூக்கம் வரவில்லை. எந்த வரிக்குக் கைதட்டல் வரும், எந்த வரிக்குக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது பிடிபட்டுப்போயிற்று. சில வரிகள் குளிக்கும்போது வாயில் வந்துவிடும். "எந்தக் கட்சிக்காரன் பாட்டு இது?" என்று மனைவி பாலம்மாள் வெளியிலிருந்து கேட்பாள்.

அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் வெங்கடேஸ்வரி ஒரு கவிதை வாசித்தார். ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கணவர் பட்டாளத்தில் இருந்தார். கையில் தாள் வைத்திருந்தாலும் அதைப் பார்க்காமலே வாசித்தார். தலைப்பு 'விரால்'.

கண்மாய்க்குத் தண்ணீர் வந்த அன்று
எல்லா மீனுக்கும் கண்மாய் சொந்தம்.
தண்ணீர் வற்ற வற்ற
விராலுக்கு மட்டும் இடம் கூடுகிறது.

சிவந்த குஞ்சுகள் மேலே வந்து மூச்சு வாங்கும்.
கீழே அது காவல் நிற்கும்.
அத்தனை அன்பு அதன் கண்ணில்;
வாயில் அடுத்த மீனின் குஞ்சு.

சேறு காய்ந்து வெடித்த பிறகும்
அடியில் அது இருக்கிறது.
மழைக்குக் காத்திருப்பது
நாம் மட்டும் அல்ல.

கைதட்டல் உடனே வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரணன் கவிதையை முழுதும் எழுதிக்கொண்டார். அதற்குள் மில் வாசலில் ஆட்கள் கூடுகிறார்கள் என்று போன் வந்தது. எழுந்து போய்விட்டார்.

அவர்கள் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெங்கடேஸ்வரியின் ஊர்க் கண்மாயில் மீன்பிடிக் குத்தகை ரத்தினத்தினுடையது. ஆண்டுதோறும் ஏலம் நடக்கும். ரத்தினம் ஒரு தொகை சொல்வார், வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்மாயில் தண்ணீர் நிறைய நின்றால் மீன் வலைக்கு அகப்படாது. அதனால் மாசி பங்குனியில் அவருடைய ஆட்கள் மடையைத் திறந்து தண்ணீரை ஓடையில் விட்டுவிடுவார்கள். அந்த ஆண்டும் பால் பிடித்த நெல் வயலில் நின்று காய்ந்தது. காய்ந்ததில் வெங்கடேஸ்வரியின் வயலும் உண்டு. கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கக் கிளம்பிய இருவர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். யார் திருப்பினார்கள் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

புதன்கிழமை ஸ்டேஷனுக்கு ரத்தினத்தின் புகார் வந்தது. வெங்கடேஸ்வரி தன்னை விரால் என்று பாடியதோடு நிற்கவில்லை. வாசித்து முடித்ததும், "அந்த விரால் ரத்தினந்தான், சேத்தோட வெட்டி எடுக்கணும்" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார். இது கொலை மிரட்டல் என்றது புகார். சாட்சி ரத்தினத்தின் அக்காள் மகன் சிவபாண்டி. கூட்டத்துக்கு அவனும் போயிருந்தான்.

அன்று மாலையே வீரணன் வாசகர் வட்டத்தாரைத் தேடிப் போய் விசாரித்தார். ஒருவருக்கு அந்த நேரத்தில் வயிற்று வலியாம். இன்னொருவர், "ஞாபகம் இல்ல ஏட்டய்யா" என்றார். கவிதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அது முழுதும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வெளியூர்ப் பெண். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீரணனை உட்காரச் சொன்னார்.

"எனக்கு மேலேயிருந்து ரெண்டு போன் வந்தாச்சு ஏட்டய்யா. பாட்டை மட்டும் வச்சு நான் கேஸ் போட முடியாது. சாட்சி சொல்றதும் பாட்டோட அர்த்தமும் ஒண்ணா நின்னா போட்டுத்தான் ஆகணும். நீங்க கேட்டிருக்கீங்க. வரி வரியா என்ன அர்த்தம்னு எழுதிக் குடுங்க."

"எனக்கு அர்த்தமெல்லாம் எழுதிப் பழக்கமில்ல மேடம்."

"எனக்கு மட்டும் பழக்கமா?"

வழக்குப் பதிவானால் சத்துணவு வேலையிலிருந்து வெங்கடேஸ்வரியை அன்றே நிறுத்தி வைப்பார்கள். பிறகு வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். அந்த வீட்டில் இருப்பது அவரும் படுத்த படுக்கையான மாமியாரும்தான்.

மறுநாள் காலை வீரணன் கண்மாய்க் கரைக்குப் போய் வண்டியை நிறுத்தினார். நடுவில் ஒரு குட்டை அளவு தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கவிதையை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

முதல் பகுதியில், எல்லோருக்கும் குறைவது ஒருவனுக்குக் கூடுகிறது. பஞ்சத்தில்தான் அவனுக்கு ராஜ்யம். இரண்டாவதில், அவன் கெட்டவனாகவே திரிவதில்லை. தன் பிள்ளைக்கு நல்ல தகப்பன். அந்த நல்ல தகப்பனைப் பார்த்துத்தான் ஊர் ஏமாறுகிறது. மூன்றாவதுதான் வீரணனை உலுக்கியது. அதுவரைக்கும் தண்ணீருக்குள் மீன் மட்டும் இருந்தது. 'நாம்' என்றதும் கேட்கிறவன் எல்லாம் சேற்றில் கால் புதைய நிற்கிறான். நல்ல காலம் வரும் என்று காத்திருக்கிறவனின் காலுக்கடியிலேயே, அதே மழைக்காக அதுவும் காத்திருக்கிறது. ஒரு ஆளை விரட்டினால் தீர்ந்துபோகிற சங்கதி இல்லை அது. ரத்தினத்தைவிடப் பெரிய கவிதை என்று தோன்றியது.

இதை எழுதினால் வெங்கடேஸ்வரி தொலைந்தார். வீட்டுக்குத் திரும்பி ஒரு தாளில் எழுதினார். 'மேற்படி பாடல் கண்மாயில் வாழும் விரால் மீனின் இயல்புகளைக் கூறுகிறது. முதல் பகுதி கோடைக்காலம் பற்றியது.' இப்படியே முக்கால் பக்கம். எழுதி முடித்ததும் கை கழுவ எழுந்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வெங்கடேஸ்வரி நின்றிருந்தார். வீரணன் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"தாயி, உள்ள கேட்டா மீனப் பத்தித்தான் எழுதுனேன்னு சொல்லிருங்க. நானும் அப்படித்தான் எழுதிருக்கேன்."

"மீனப் பத்தி எழுத நான் என்ன மீன்வளத் துறையா?"

"வேல போயிரும்மா."

"தெரியும். காய்ஞ்ச நெல்லக் கண்ணால பாத்துட்டுத்தான் எழுதுனேன்." ஸ்டேஷன் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அப்ப என்னைய விட்டுட்டு, பாட்டப் புடிச்சு உள்ள போட்டுட்டிய. நல்ல ஏட்டு."



இன்ஸ்பெக்டர் அறையில் ரத்தினம் வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் சிவபாண்டி நின்றான். முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வாக்குமூலம் டைப் செய்து மேசைமேல் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"முதல்ல அர்த்தத்தைப் படிங்க ஏட்டய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரணன் கவிதையின் ஒரு பகுதியையும் அதற்கான விளக்கத்தையும் மாறி மாறிப் படித்தார். கோடையில் நீர் குறையும்போது சிறு மீன்கள் சாக, விரால் மட்டும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் என்றார். ரத்தினம் தலையாட்டினார்.

"அது வாஸ்தவந்தான். வெறும் ஈரம் இருந்தாப் போதும் அதுக்கு."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேலே" என்றார்.

"ரெண்டாம் பகுதி, விரால் தன் குஞ்சுகளிடம் காட்டும் பாசத்தையும் பிற மீன்களின் குஞ்சுகளை இரையாக்குவதையும்..."

"செத்த நிறுத்துங்க." ரத்தினம் சிரித்தார். "இந்தம்மாவுக்கு விராலப் பத்தி என்ன தெரியும்? கரையில நின்னு பாத்துட்டு எழுதுனா இப்படித்தான். நான் முப்பது வருசமா விரால் புடிக்கேன் மேடம். தன் குஞ்சுன்னா உசுரா இருக்கும், அதெல்லாம் குஞ்சு காலுக்குள்ள சுத்துத வரைக்குந்தான். கூட்டம் கலைஞ்சு தனியா மேயப் போச்சுன்னு வைங்க, தன்னோடதுன்னு பாக்காது. முழுங்கிரும். வயித்தக் கீறிப் பாத்திருக்கேன்."

தொழில் தெரிந்தவனின் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார்.

சிவபாண்டியின் முகத்தைப் பார்த்த வீரணனுக்கு விஷயம் புரிந்தது. போன மாதம் பக்கத்து ஊர்ச் சின்னக் கண்மாய் ஏலத்துக்கு சிவபாண்டி தன் பெயரில் மனுப் போட்டிருந்தான். மாமாவிடம் கேட்டுத்தான் போட்டான். செய்யட்டும், பிள்ளை பிழைக்கட்டும் என்று ரத்தினம் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். தனியாக மேயக் கிளம்பியவன் இப்போது மாமாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெங்கடேஸ்வரி முதல்முறையாக வாய் திறந்தார். "அது எனக்குத் தெரியாம போச்சு, அண்ணாச்சி."

"தெரிஞ்சுக்கோ" என்றார் ரத்தினம்.

"கடைசிப் பகுதியில 'நாம்'னு வருதே ஏட்டய்யா. அது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரணன் தாளைப் பார்த்தார். அதில் 'பாசன விவசாயிகள்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தால் போதும். வேப்பமரத்தடியில் கேட்ட வார்த்தை காதிலேயே நின்றது.

"கேக்கிறவங்க எல்லாரும், மேடம். நீங்களும் நானும் சேத்தி."

"அப்போ விரால்?"

"அது யாருன்னு பாட்டுல இல்ல. அண்ணாச்சிதான் தன்னைச் சொல்லுதுன்னு எழுதிக் குடுத்திருக்காவ."

ரத்தினத்தின் சிரிப்பு நின்றது. "ஏட்டய்யா, சர்வீசு இன்னும் எத்தனை வருசம் கெடக்கு?"

"ஸ்டேஷன்ல உக்காந்து எங்க ஆளை மிரட்டாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் உறுதி போதவில்லை. பேனாவை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் நீட்டினார். "சிவபாண்டி, வாக்குமூலத்தை நல்லாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

எல்லாம் அந்தக் கையெழுத்தில் நின்றது. வீரணன் சொன்ன அர்த்தம் எப்படி இருந்தாலும், வெட்டி எடுக்க வேண்டும் என்று ஒரு பெண் சொன்னதாக ஒருவன் கையெழுத்திட்டால் வழக்கு வழக்குத்தான். வெங்கடேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவபாண்டி பேனாவை வாங்கினான். படித்தான். இரண்டாம் தரமும் படித்தான்.

"ஏலே, என்ன பரீட்சையா எழுதுத? போடு."

"மேடம்." அவன் பேனாவை மேசைமேல் வைத்தான். "இந்தம்மா பாட்டுப் படிச்சாங்க. பொறவு டீ குடிக்கப் போயிட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

"ஏலேய்!"

"சொல்லல மாமா. நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

ரத்தினம் அடிக்கப் போகிறார் என்று நினைத்து வீரணன் ஓரடி முன்னால் வைத்தார். ரத்தினம் அடிக்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சரிப்பா. வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்."

அத்தனை கனிவாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

சாட்சி புகாரை ஆதரிக்கவில்லை என்று எழுதி இன்ஸ்பெக்டர் மனுவை முடித்தார். வெங்கடேஸ்வரி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். "பள்ளிக்கூடத்துல உலை வச்சிருப்பாவ, நான் போறேன்" என்று ஏட்டிடம் சொன்னார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். சிவபாண்டியைப் பார்த்துக் கைகூப்பினார். அவன் பார்க்கவில்லை.

அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கு வெளியே ரத்தினத்தின் ஜீப் என்ஜின் ஓடியபடி நின்றது. கிளம்பவில்லை.

"ஏட்டய்யா, நான் செத்த நேரம் இங்கனயே இருந்துக்கிடட்டா?"

"வீட்டுக்குப் போகலியா?"

"வீடு அவிய காம்பவுண்டுக்குள்ளதான இருக்கு. பிள்ளைகளும் அவளும் சுந்தரபாண்டியத்துல அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்காவ. அங்க போயிட்டா..." முடிக்காமல் கேட்டைப் பார்த்தான்.

வீரணன் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து எப்போதோ மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்து, கோடு போட்ட சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பொத்தான் வயிற்றில் சேரவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறு."

சிவபாண்டி ஏறி உட்கார்ந்தான். வண்டி கேட்டைத் தாண்டியபோது ஜீப்பின் கண்ணாடி கீழே இறங்கியது. வீரணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பின்னால் இருந்தவனின் கை தன் தோளை இறுக்குவது மட்டும் தெரிந்தது. மெயின் ரோட்டில் ஏறிய பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.